தகப்பன் எங்கே? பாலூட்டிகளின் பிள்ளை வளர்ப்பும் இணை சேர்தலும்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் பெரிய பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தபோது, ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப் முழுக்கப் படங்கள் சுற்றின. விவரம் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு, அவை முட்டை அல்ல, பழைய கடலடியில் அம்மோனைட் என்னும் சுருள்கூட்டு உயிரிகளைச் சுற்றி வண்டல் இறுகி உண்டான உருண்டைகள் என்றார்கள். பேச்சு அடங்கிவிட்டது. முட்டை எத்தனை கோடி ஆண்டு பழையது என்பதிலேயே எல்லோருடைய ஆர்வமும் இருந்தது. முட்டை என்று ஒன்று இருந்தால் அதை யாரோ காத்திருக்க வேண்டுமே, அம்மாவா அப்பாவா என்ற கேள்வி எழுந்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு அரியலூர் மண்ணில் ஒரு பல் இருக்கிறது. அரியலூர் மாவட்டம் கல்லமேட்டுப் பாறைகளிலிருந்து கிடைத்த ஒற்றைப் பல்லை, ட்ரூடான்டிட் என்ற சிறிய, பறவைக்கு நெருங்கிய டைனோசர் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் உள்ளிட்டோர் 2013இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் எழுதினார்கள். வட அமெரிக்காவில் இதே குடும்பத்தின் முட்டைக் குவியல்களை ஆராய்ந்த டேவிட் வாரிச்சியோ குழு, அவற்றின் மேல் உட்கார்ந்து அடைகாத்தது தகப்பனாக இருக்கலாம் என்று 2008இல் வாதிட்டது. குவியலின் அளவு, அடைகாத்த விலங்கின் உடலெடை, முட்டையிடும் பெண்ணின் எலும்பில் காணப்படும் சிறப்புத் திசு இல்லாமை ஆகியவை அவர்களுடைய ஆதாரங்கள். இதை ஏற்காதவர்களும் உண்டு. ஆனாலும் பறவைகள் பக்கம் பார்த்தால் இந்த ஊகம் அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது. பறவை இனங்களில் ஏறத்தாழ 90 விழுக்காடு இணையாகவே குஞ்சு வளர்க்கின்றன. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் சேர்ந்த அரியலூரின் கரைவெட்டி ஏரிக்குக் குளிர்காலத்தில் வரும் பட்டைத்தலை வாத்து அப்படிப்பட்டதுதான். ஆணும் பெண்ணும் சேர்ந்து குஞ்சுகளைக் காக்கும்.

ஏரிக்கரையில் மேயும் ஆட்டையும் மாட்டையும் பாருங்கள். எந்தக் குட்டிக்கும் தகப்பன் யாரென்று கண்ணுக்குத் தெரிகிறதா? பாலூட்டி இனங்களில் ஆணும் பெண்ணும் இணையாக வாழ்பவை பத்தில் ஒன்றுகூட இல்லை. ஆண் பிள்ளை வளர்ப்பில் கைகொடுப்பது அதைவிடக் குறைவு. பறவைக்கும் பாலூட்டிக்கும் இடையில் இவ்வளவு பெரிய வேறுபாடு ஏன் என்பது பரிணாம உயிரியல் ஐம்பது ஆண்டுகளாகச் சண்டையிட்டுவரும் கேள்விகளில் ஒன்று.

பாதி விடை பாலில் இருக்கிறது. பால், பாலூட்டிகள் என்ற வகுப்பு உருவாவதற்கு முன்பே தோன்றியது என்பது அமெரிக்க ஆய்வாளர் ஓலாவ் ஆஃப்டெடாலின் கருத்து. தோல் போன்ற மெல்லிய ஓடு கொண்ட முட்டைகள் காய்ந்துபோகாமல் இருக்க, தாயின் தோல் சுரப்பிகள் ஈரம் கசிந்தன. பிறகு அந்த ஈரமே உணவாக மாறியது. முட்டையிட்டுப் பால் கொடுக்கும் பிளாட்டிபஸுக்கு இன்றும் முலைக்காம்பு கிடையாது. தோலில் கசியும் பாலைக் குட்டி நக்கிக் குடிக்கிறது. மரபணுவிலும் தடயம் உண்டு. மஞ்சள் கருவுக்கான புரதத்தைச் செய்யும் மரபணுக்கள் நம் வம்சத்தில் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன என்றும், பாலின் கேசீன் மரபணுக்கள் அதற்கு முன்பே வந்துவிட்டன என்றும் பிரவாண்ட், வாலி, கேஸ்மன் ஆகிய மூவர் 2008இல் காட்டினார்கள். பால் வந்து உட்கார்ந்த பிறகுதான் முட்டைக் கரு மெல்ல விடைபெற்றது.

பாலுக்குப் புதைபடிவம் கிடையாது, ஆனால் பல்லுக்கு உண்டு. நமக்குப் பால்பல் விழுந்து மறுபல் முளைப்பதுபோல் இரண்டே முறை பல் முளைக்கும் ஏற்பாடு, குட்டி சில காலம் மெல்லத் தேவையில்லாமல் இருந்தால்தான் நடக்கும். 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மார்கனுகோடான் என்ற சுண்டெலியளவு விலங்கில் அந்த ஏற்பாடு இருந்தது. இதற்கு மாறாக, அமெரிக்காவின் அரிசோனாவில் கிடைத்த கயன்டாதீரியம் என்ற பாலூட்டிகளின் பங்காளி, 38 குட்டிகளோடு சேர்ந்து பாறையில் பதிந்திருக்கிறது. எந்தத் தாயும் 38 குட்டிக்குப் பால் கொடுத்திருக்க முடியாது. குறைவாகப் பெற்று ஒவ்வொன்றுக்கும் அதிகம் செலவழிக்கும் வழி பிறகு வந்தது.

இந்த ஏற்பாட்டின் விளைவு கடுமையானது. கரு தாயின் வயிற்றில் வளர்கிறது, பிறந்தபின் உணவும் தாயின் உடலிலிருந்தே வருகிறது. இரண்டிலும் ஆணுக்கு வேலை இல்லை. பறவைக் குஞ்சுக்குப் புழு கொண்டுவர அப்பாவாலும் முடியும்; ஆட்டுக்குட்டிக்குக் கிடா என்ன கொண்டுவரும்? மலேசியாவில் பிடிபட்ட தயாக் பழந்தின்னி வௌவால்களில் ஆண்களுக்கும் பால் சுரந்தது என்று 1994இல் ஒரு கட்டுரை வந்தது. ஆனால் அந்தப் பாலை எந்தக் குட்டியும் குடித்ததை யாரும் பார்க்கவில்லை. ஆண் உடலால் பால் சுரக்கவே முடியாது என்பதில்லை; அந்த வழியில் பரிணாமம் போகவில்லை, அவ்வளவுதான்.

தாயின் பக்கம் நடப்பதைப் பார்க்க எந்த ஆய்வகமும் வேண்டாம். பருத்தியும் மக்காச்சோளமும் எடுத்த பிறகு பெரம்பலூர்க் காடுகளில் செம்மறிக் கிடை போடுவார்கள். பகலெல்லாம் குட்டிகள் கூண்டுக்குள் இருக்கும். பொழுது சாயும் நேரம் மேய்ச்சலிலிருந்து ஆடுகள் திரும்பி, குட்டிகளை அவிழ்த்துவிடும் அந்தச் சில நிமிடங்களில் கிடை முழுக்க ஒரே கத்தல். நூறு குட்டிகள் நூறு தாய்களைத் தேடி ஓடும். தாய், வந்த குட்டியின் வாலடியை முகர்ந்து பார்க்கும். தன்னுடையது என்றால் காலை அகட்டி நிற்கும். இல்லையென்றால் ஒரே முட்டு. தாயில்லாத குட்டி இதைச் சீக்கிரமே கற்றுக்கொள்கிறது: அது பக்கவாட்டில் போவதில்லை, பின்னங்கால்களுக்கு நடுவே நுழைந்து, முகரும் மூக்குக்கு எட்டாத இடத்திலிருந்து நாலு வாய் திருடிக் குடிக்கும்.

இந்த அடையாளம் பிறந்த முதல் ஓரிரண்டு மணி நேரத்தில் உறுதியாகிறது. பிறப்புப் பாதை விரிவடையும் அசைவு தாயின் மூளையில் ஆக்சிடோசினைச் சுரக்கவைக்க, அந்த நேரத்தில் மூக்கில் ஏறும் மணமே ‘என் குட்டி’ ஆகிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் பக்கம் கெய்த் கென்ட்ரிக், பேரி கெவர்ன் ஆகியோர் ஆடுகளிலேயே ஆராய்ந்து நிறுவினார்கள். செத்த குட்டியின் தோலை அநாதைக் குட்டிக்குப் போர்த்தித் தாயை ஏமாற்றும் மேய்ப்பர்களின் பழைய வித்தை வேலைசெய்வது இதனால்தான். ஊட்ட ஊட்டத் தாய் இளைக்கும் என்பதால், பால் யாருக்கும் இலவசம் இல்லை.

ஆண் ஏன் போகிறது என்பதற்கு முதலில் கூர்மையாகப் பதில் சொன்னவர் ராபர்ட் டிரிவர்ஸ். யார் பிள்ளைக்கு அதிகம் செலவழிக்கிறாரோ அவரே பொறுக்கித் தேர்ந்தெடுப்பார், குறைவாகச் செலவழிப்பவர் போட்டி போடுவார் என்றார் 1972இல். 1977இல் ஸ்டீபன் எம்லனும் லூயிஸ் ஓரிங்கும் அதை நிலத்தில் இறக்கினார்கள்: பெண்கள் உணவைப் பார்த்து இடம் பிடிப்பார்கள், ஆண்கள் பெண்களைப் பார்த்து இடம் பிடிப்பார்கள். பெண்கள் கூட்டமாக இருந்தால் ஒரு ஆண் பலரை வளைக்க முடியும். சிதறிக் கிடந்தால் முடியாது. செம்மறி கூட்டமாக மேயும். அதனால் 25 பெட்டைக்கு ஒரு கிடா போதும் என்று கால்நடை மருத்துவர் சொல்வதும் அதே கணக்கின் வீட்டுப் பதிப்பு.

இதன் உச்சம் வெளிமான். கோடியக்கரையில் அதற்கென்றே 1967இல் சரணாலயம் வந்தது. ஆண் தன் புழுக்கைக் குவியலால் எல்லை வைத்துக்கொண்டு நிற்கும். குஜராத்தின் வேலாவதர் புல்வெளியில் இந்த எல்லைகள் நெருங்கி நெருங்கி, ஆண்கள் கூட்டமாக நின்று காட்சி தரும் களமாகவே மாறிவிடுகின்றன. அங்கே பெண்ணுக்குப் புல்லும் இல்லை, நிழலும் இல்லை, ஆணைத் தவிர எதுவும் கிடைக்காது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் கவிதா ஈஸ்வரன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். சேர்ந்தபின் பெண் தன் வழியே போய், குட்டியைப் புல்லில் மறைத்துவைத்துத் தனியாக வளர்க்கும்.

அவ்வளவு தூரம் போகாமலே இதைக் காணலாம். நெட்டிலிங்க மரம் இல்லாத கல்லூரி வளாகம் தமிழ்நாட்டில் அரிது. அந்த மரத்தில் குட்டைமூக்குப் பழந்தின்னி வௌவால் கூடாரம் கட்டுகிறது. திருநெல்வேலிப் பக்கம் பாலசிங், கோயில்ராஜ் ஆகியோர் அமெரிக்காவின் தாமஸ் குன்ஸுடன் சேர்ந்து இதை ஆராய்ந்து 1995இல் எழுதினார்கள். கட்டுவது ஆண் மட்டுமே. தொங்கும் கிளைகளையும் திரைபோல் படரும் கொடிகளின் தண்டுகளையும் இரவிரவாகக் கடித்துக் கடித்து, நடுவே மணிபோல் ஒரு குழிவு உண்டாக்கும். ஒரு கூடாரம் முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். முடிந்ததும் சுற்றுத் தண்டுகளில் எச்சில் பூசும். பிறகு பெண்கள் வந்து சேர்வார்கள். ஒரே கூடாரத்தில் ஒரு ஆணும் பத்துக்கு மேற்பட்ட பெண்களும் தொங்குவது உண்டு. ஆண் பிள்ளைக்கு எதுவும் செய்வதில்லை என்று சொல்வதா, பிள்ளை தொங்கும் வீட்டையே கட்டுகிறது என்று சொல்வதா? நான் முதலாவதையே சொல்வேன். கூடாரம் பெண்ணை வரவழைக்கக் கட்டியது. குட்டிக்கு நிழல் கிடைப்பது உபரி. ஆனால் இப்படிப்பட்ட உபரியிலிருந்துதான் பின்னாளில் உண்மையான தகப்பன் பராமரிப்பு கிளைக்க முடியும் என்பதால் இதை ஒதுக்கவும் முடியாது.

இதுவரை சொன்னது உணவும் இடமும். மூன்றாவது காரணம் இரத்தம் படிந்தது, அது இந்தியாவிலிருந்துதான் அறிவியலுக்கு வந்தது. 1962இல் கர்நாடகத்தின் தார்வாட் காடுகளில் அனுமன் மந்திகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஜப்பானியர் யுகிமாரு சுகியாமா, புதிய ஆண் கூட்டத்தைக் கைப்பற்றியதும் பால்குடிக் குட்டிகள் கொல்லப்படுவதைக் கண்டார். ராஜஸ்தானின் அபு மலையில் ஆராய்ந்த சாரா ஹர்டி, 1977இல் வெளியான நூலில் இதற்கு ஒரு விளக்கம் வைத்தார்: பால் குடிக்கும் குட்டி இருக்கும்வரை தாய் மறுபடி சினைக்கு வராது, வேறொருவன் குட்டியைக் கொன்றால் அவள் விரைவில் சினைக்கு வருவாள். எதிர்ப்பு பலமாக இருந்தது. இது மனிதர்கள் நெருக்கியதால் வந்த கோளாறு, இயல்பு அல்ல என்றார்கள் பலர். 1999இல் நேபாளத்தின் ராம்நகரில் கரோலா போரிஸ் குழு மரபணு பார்த்ததில், கொன்ற ஆண்கள் எவையும் தாம் கொன்ற குட்டிக்குத் தகப்பன் அல்ல என்று தெரிந்தது. இன்று ஹர்டி பக்கமே எடை கூடியிருக்கிறது. 260 பாலூட்டி இனங்களைத் தொகுத்துப் பார்த்த டீட்டர் லூகாஸும் எலிஸ் ஹுசார்டும் ஏறத்தாழப் பாதி இனங்களில் சிசுக்கொலை உண்டு என்று 2014இல் எழுதினார்கள். பெண்ணிடமும் எதிர்ச் சூழ்ச்சி இருக்கிறது: பல ஆண்களுடன் சேர்ந்தால், எந்த ஆணும் ‘இது என் குட்டி அல்ல’ என்று உறுதியாக இருக்க முடியாது. நம் ஊர்க் கோயில் குரங்குகளின் கலவையான கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதை யோசிக்கலாம்.

ஒற்றை இணை வாழ்வு எங்கிருந்து வந்தது என்பதில் 2013 ஜூலையில் ஒரே வாரத்தில் இரண்டு கட்டுரைகள் ஒன்றுக்கொன்று எதிராக வெளியாயின. லூகாஸும் டிம் கிளட்டன்-பிராக்கும் 2,500க்கு மேற்பட்ட இனங்களை எடுத்துக்கொண்டு, பெண்கள் தனித்தனியே, ஒருவரையொருவர் சகிக்காமல், பரவிக் கிடந்த வம்சங்களிலேயே ஒற்றை இணை தோன்றியது என்றார்கள்; ஒரு ஆணால் இரண்டு பெண்களைக் காவல் காக்க முடியவில்லை, ஒருத்தியோடு நின்றுவிட்டான். கிறிஸ்டோபர் ஓபி குழு 230 குரங்கினங்களை எடுத்துக்கொண்டு, சிசுக்கொலை ஆபத்தே முதலில் வந்தது, அதிலிருந்து குட்டியைக் காக்க ஆண் தங்கினான் என்றது. எனக்கு முதல் கட்டுரையே பொதுவிதியாகத் தோன்றுகிறது, ஓபியின் முடிவு குரங்கினத்துக்கு மட்டும் ஓரளவு பொருந்தலாம். ஆனால் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: தகப்பன் பராமரிப்பு காரணம் அல்ல, பின்விளைவு. முதலில் ஆண் தங்கினான். தங்கியபின் தூக்கவும் ஊட்டவும் கற்றான்.

தங்கிய ஆண்களின் பெரிய குலம் நாய்க் குலம். பந்திப்பூரில் செந்நாய்களை 1976 முதல் ஆராய்ந்த, நாங்குநேரியில் பிறந்த ஏ.ஜே.டி. ஜான்சிங், வேட்டை முடிந்து திரும்பும் கூட்டத்தின் பெரியவர்கள் குட்டிகளுக்கு இறைச்சியைக் கக்கி ஊட்டுவதைப் பதிவுசெய்தார். இங்கே பாலின் ஏகபோகம் உடைகிறது. கக்கிய கறியை யாரும் கொண்டுவரலாம். காப்பதற்குக் கூட்டமும், கொண்டுவருவதற்கு உணவும் இருந்தால் தகப்பனுக்கும் அக்காவுக்கும் வேலை கிடைக்கிறது. நம் கரட்டுக் காட்டு நரியும் இணையாகவே வாழும். ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் இதே இனமான ‘பொன்னரி’ என்று எண்ணி ஆராயப்பட்ட விலங்கு, 2015இல் மரபணு பார்த்தபோது தனி ஓநாய் இனமாகப் போய்விட்டது. ஆகவே அதன் குடும்பக் கதையை நம் நரியின் மேல் அப்படியே ஏற்ற முடியாது.

தெருநாயைப் பற்றி இந்தியர்களே நிறைய எழுதியிருக்கிறார்கள். மேற்கு வங்கத்தின் கட்வாவில் எஸ்.கே. பால், ஆண் நாய் குட்டிகளுக்குக் காவல் நிற்பதைக் கண்டு 2005இல் எழுதினார். கொல்கத்தா ஐஐஎஸ்இஆர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு, பாட்டி நாய் பேரக்குட்டிகளைப் பார்த்துக்கொள்வதையும், அடுத்த தாயின் பாலைக் குட்டிகள் திருடுவதையும், குட்டி வளர வளரத் தாய் உணவை விட்டுக்கொடுப்பது குறைவதையும் வரிசையாகப் பதிவுசெய்திருக்கிறது. தாயும் சேயும் சண்டைபோடுவதும் பரிணாமத்தின் கணக்கே. குட்டிக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும், தாய்க்கு அடுத்த ஈற்றுக்குக் கொஞ்சம் மிச்சம் வேண்டும்.

இடைப்பட்ட நிலைக்கு நல்ல எடுத்துக்காட்டு தேவாங்கு. திண்டுக்கல் மாவட்டம் அய்யலூர்ப் பக்கம் ஆன் நெகாரிஸ் ஆராய்ந்தபோது, தாய் சில வாரங்கள் குட்டியைச் சுமந்துவிட்டு, பிறகு இரவில் கிளையில் ‘நிறுத்தி’வைத்து இரைதேடப் போவதைக் கண்டார். அப்படித் தனியே இருக்கும் குட்டிகளிடம் ஆண் தேவாங்குகள் வந்து விளையாடின, பேன் பார்த்தன. கடவூர்த் தேவாங்குச் சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டது; பெரம்பலூரிலிருந்து அதிகத் தூரம் இல்லை.

சங்கக் கவிஞர்கள் இதையெல்லாம் வேறு கண்ணோடு பார்த்தார்கள். குறுந்தொகையின் 37ஆம் பாடலில் களிறு யாமரத்தைப் பிளந்து பிடியின் பசி தீர்க்கிறது; 69ஆம் பாடலில் துணை இறந்த மந்தி, தன் குட்டியைச் சுற்றத்திடம் சேர்த்துவிட்டு மலையிலிருந்து பாய்கிறது. களிறு பிடிக் கூட்டத்தை விட்டு வளர்ந்ததும் பிரிந்துபோய்விடும், இணையாக வாழ்வதில்லை என்று யானை ஆய்வாளர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் சுற்றம் குட்டியை ஏற்கும் என்பதை அந்தப் புலவர் கவனித்தது வெறும் கற்பனை அல்ல. தாயல்லாதவர் குட்டியைச் சுமப்பது குரங்குகளில் பரவலாக உண்டு. விலங்கைக் காட்டி மனிதனுக்கு ஒழுக்கம் சொல்லும் இன்றைய மேடைப் பேச்சைவிட அந்தப் பாடல் இயற்கைக்கு நெருக்கம்.

மனிதனை எந்தப் பெட்டியில் வைப்பது என்பதற்கு ஹர்டியே 2009இல் ஒரு பதில் தந்தார்: மனிதக் குழந்தை தாயால் மட்டும் வளர்க்கப்பட்டதே இல்லை. பாட்டி, அத்தை, மூத்த பிள்ளை, சில சமயம் தகப்பன் என்று பல கைகள். தலைப் பிரசவம் தாய்வீட்டில், காது குத்தத் தாய்மாமன் மடி என்று வழக்கம் வைத்திருக்கும் ஊருக்கு இது புதுச் செய்தி அல்ல. வளைகுடாவில் வேலைபார்க்கும் அப்பாக்களை வீடியோ அழைப்பில் பார்த்து வளரும் பிள்ளைகள் பெரம்பலூர் மாவட்டத்தில் எத்தனையோ பேர். அவர்களைத் தூக்கி வளர்ப்பது பாட்டிகள். தகப்பன் பிள்ளையோடு நேரம் கழிக்கும்போது அவன் உடலும் மாறுகிறது. பிலிப்பைன்ஸின் செபு நகரில் 2011இல் வந்த ஆய்வு, தகப்பனான இளைஞர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததைக் காட்டியது. தூக்கத் தூக்கத்தான் தகப்பன் ஆகிறான் என்று இதை வாசிப்பது தவறில்லை.

இந்தத் துறையில் பெரிய கேள்விக்குப் பெரிய விலங்கு வேண்டியதில்லை என்பதற்கு மதுரையே சாட்சி. காமராசர் பல்கலைக்கழகத்தில் என். விசுவநாதனும் எம்.கே. சந்திரசேகரனும் வயல் சுண்டெலிக் குஞ்சுகளிடமிருந்து தாயைக் குறித்த நேரங்களில் எடுத்தும் விட்டும் பார்த்து, தாய் வருவதும் போவதுமே குஞ்சுகளின் உடல் கடிகாரத்தை ஓட்டுகிறது என்று 1985இல் ‘நேச்சர்’ இதழில் காட்டினார்கள். வரப்பில் வளை தோண்டும் அந்த எலி நம் வயல்களில் நாம் கவனிக்காமலே மிதித்துப் போவது.

அரியலூர், பெரம்பலூர்க் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வளாகத்து நெட்டிலிங்கத்தில் கூடாரம் இருந்தால், பகலில் கீழே நின்று நிமிர்ந்து பார்த்து எத்தனை வௌவால், எத்தனை குட்டி என்று வாரம் ஒருமுறை நோட்டில் குறித்துவையுங்கள். ஓராண்டு குறித்தால் எப்போது ஈனுகின்றன, ஆண் எத்தனை மாதம் இடம் மாறாமல் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பேராசிரியரிடம் காட்டுங்கள், அது நல்ல ஆய்வேட்டின் தொடக்கம். மரத்தை உலுக்காதீர்கள், முகத்துக்கு வெளிச்சம் அடிக்காதீர்கள். கீழே விழுந்த குட்டியாக இருந்தாலும் வெறுங்கையால் தொட வேண்டாம்; வனத்துறைக்குச் சொல்லுங்கள்.